படம் வரைந்தவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், பிழைத்துக் கிடந்தால் போதும் என்று ஓடும் விளையாட்டுக் கதைகளைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. ஜப்பானிய இயக்குநர் தகாஷி மீகே எடுத்த ‘கடவுள் சொல்கிறபடி’ படத்துக்கும் அதில் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். கொரியாவின் ஸ்க்விட் கேம் தொடரைப் பார்த்துவிட்டு எடுத்த படம் என்று அந்தப் பத்தி சொல்கிறது. பெயரைக் கேட்டால் பக்திப்படம் போலிருக்கும் என்று கிண்டலும் செய்கிறது. கடைசியில், ‘ஏதோ ஒரு காமிக்ஸிலிருந்து எடுத்த கதை’ என்று முடித்துவிட்டது. முதலாவது தவறு. இரண்டாவது பாதி தவறு. மூன்றாவதுதான் என்னை இதை எழுத உட்கார வைத்தது.

நான் 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் பெரிய காஞ்சிபுரம். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தபோது எனக்குப் பத்து வயது. அந்தக் கையை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் வரைந்து வரைந்துதான் எனக்குக் கோடு வந்தது. அந்தக் கையை முதலில் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ என்று தெரிந்தபோது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. நாற்பது வருடம் ஒரு மனிதரின் கையைப் பார்த்துப் படித்திருக்கிறேன், அவர் பெயர் தெரியாமல். ‘ஏதோ ஒரு காமிக்ஸ்’ என்று படித்ததும் எனக்குச் சுருக்கென்றது அதனால்தான்.

முதலில் தேதிகளை முடித்துவிடுகிறேன். மூலக் கதை ஜப்பானில் 2011-ல் தொடங்கி 2012 வரை, அட்டாக் ஆன் டைட்டன் என்ற காமிக்ஸ் வந்துகொண்டிருந்த அதே மாத இதழில் தொடராக வந்தது. நூலாக ஐந்து தொகுதிகள். மீகேயின் படம் 2014 நவம்பரில் அங்கே திரைக்கு வந்தது. ஸ்க்விட் கேம் வந்தது 2021 செப்டம்பரில். ஏழு வருடம் கழித்து வரப்போவதைப் பார்த்து ஒருவர் படம் எடுக்க முடியாது.

திருப்பிப் போட்டு, கொரியாக்காரர்கள்தான் திருடினார்கள் என்று சொல்லவும் நான் வரவில்லை. இரண்டு கதையும் ஒரே குழந்தை விளையாட்டில்தான் தொடங்குகின்றன. அதனால் இந்தச் சண்டை 2021-லேயே எழுந்தது. தொடரை எழுதி இயக்கிய ஹ்வாங் டோங்-ஹியூக், 2008-லேயே தான் இந்தக் கதையை யோசிக்கத் தொடங்கிவிட்டதாகவும், முதல் விளையாட்டு இதுதான் என்று அப்போதே முடிவாகிவிட்டதாகவும் சொன்னார். ஜப்பானிய காமிக்ஸ்களைப் படித்துத்தான் இந்த வகைக் கதை மீது ஆசை வந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. விளையாட்டு என்னவோ இரண்டு நாட்டுக் குழந்தைகளுக்கும் பொது. ஒருவன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று ஒரு வாக்கியம் சொல்வான். அவன் சொல்லி முடிப்பதற்குள் மற்றவர்கள் முன்னேற வேண்டும். திரும்பிப் பார்க்கும்போது ஆடினால் அவுட். ஜப்பானில் அந்த வாக்கியம் ‘தாருமா-சான் கா கொரோன்தா’, தாருமா ஐயா விழுந்துவிட்டார் என்று அர்த்தம் (தாருமா ஒரு பொம்மை, அதற்குப் பிறகு வருகிறேன்). கொரியாவில் ‘முகுங்க்வா பூ பூத்துவிட்டது’ என்பார்கள்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஜப்பானிய வாக்கியத்தில் பத்துத் தட்டு: தா, ரு, மா, சா, ன், கா, கொ, ரோ, ன், தா. தனி ‘ன்’னையும் அவர்கள் ஒரு தட்டாக எண்ணுகிறார்கள். நம் யாப்பில் ஒற்றுக்கு அலகு கிடையாது என்று தமிழ் ஐயா தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தது நினைவு வந்தது. கொரிய வாக்கியத்திலும் எழுத்து பத்துதான். ஒன்று இரண்டு என்று பத்து வரை எண்ணுவதற்குப் பதில் சட்டென்று சொல்லி முடிக்கத்தான் இந்த வாக்கியம். விளையாடியவர்களுக்குத் தெரியும், தந்திரமே சொல்கிற வேகத்தில்தான் இருக்கிறது. முதல் ஏழு தட்டை இழுத்து இழுத்துச் சொல்லிவிட்டு, கடைசி மூன்றைக் கடகடவென்று முடித்துத் திரும்ப வேண்டும்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. என் பழைய மாணவன் ஒருவன் ஒரகடத்தில் ஒரு ஜப்பானியக் கம்பெனித் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். பயிற்சிக்காக அவனை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். திரும்பும்போது எனக்கென்று இந்த ஐந்து தொகுதிகளையும் ஒரு தாருமா பொம்மையையும் வாங்கி வந்தான். “சார், நீங்க படம் பார்ப்பீங்கன்னு வாங்கினேன், எழுத்தை நான் படிச்சுச் சொல்றேன்” என்றான். பள்ளிப் பிள்ளைகளுக்கான இதழில் வந்தது என்பதால் கஷ்டமான எழுத்துகளுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் உச்சரிப்பும் போட்டிருக்கிறார்கள். அந்தப் பொடி எழுத்தைப் பிடித்துக்கொண்டு அவன் தட்டுத்தடுமாறி வாசிப்பான். நைட் ஷிப்ட் இல்லாத வாரங்களில் சாயங்காலம் வருவான், காபி ஆறும் வரை ஓரிரண்டு அத்தியாயம். முதல் நாள் நான் வழக்கம்போல இடதுபக்க அட்டையைத் திறந்துவிட்டேன். ஜப்பானியப் புத்தகம் நமக்குப் பின்னாலிருந்து தொடங்குவது. செத்தவர்களை முதலில் பார்த்துவிட்டு உயிரோடிருந்தவர்களைப் பிறகு சந்தித்தேன்.

சரி, பெயருக்கு வருகிறேன். ‘காமிசாமா நோ இயூ தோரி’, அதாவது ‘கடவுள் சொல்கிறபடி’. இதில் பக்தி ஒன்றும் இல்லை. இரண்டு மிட்டாய் இருக்கிறது, எதை எடுப்பது என்று தெரியவில்லை. ஜப்பானியக் குழந்தை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே ‘எதை எடுக்கலாம், மேலே இருக்கிற கடவுள் சொல்கிறபடி’ என்று பாடும். கடைசி அசை எதில் விழுகிறதோ அது அதற்கு. ஊருக்கு ஊர் இந்தப் பாட்டுக்கு ஒரு வால் சேர்த்துக்கொள்வார்களாம், தனக்குப் பிடித்த மிட்டாயில் விரல் போய் நிற்பதற்கு. நம் பிள்ளைகள் ‘இங்கி பிங்கி பாங்கி’ என்று தொடுவார்களே, அதேதான். தலைப்பை அப்படி மொழிபெயர்த்திருந்தால் கட்டுரையாளருக்குக் கதையே பிடிபட்டிருக்கும். யாரோ ஒரு கை, விரலால் ஒவ்வொரு பிள்ளையாகத் தொட்டுக்கொண்டு போகிறது. நல்லவன் கெட்டவன் பார்க்காது. அசை உன் மேல் நின்றால் நீ.

கதை இவ்வளவுதான். ஷுன் தகாஹாதா என்ற பள்ளி மாணவன், வாழ்க்கை சலிப்பாக இருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறான். அன்றைக்கு வகுப்பில் ஆசிரியரின் தலை வெடிக்கிறது. (இம்மாதிரிக் கதைகளில் முதலில் போவது எப்போதும் ஆசிரியர் தலைதான். பழகிவிட்டது.) மேஜை மேல் ஒரு தாருமா பொம்மை உட்கார்ந்திருக்கிறது. அது முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பத்துத் தட்டைச் சொல்கிறது, திரும்புகிறது. ஆடியவன் தலை போகிறது. அதன் முதுகில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் ஆட்டம் முடியும்.

காஞ்சிபுரத்துக்காரன் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போவான். தாருமா என்பது போதி தருமர். அவரைக் காஞ்சிபுரத்து இளவரசர் என்று நாங்கள் சொந்தம் கொண்டாடுகிறோம். பழைய சீனக் குறிப்பில் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்றுதான் இருக்கிறது, ஊர் பெயர் பிற்காலத்து மரபு. சுவரைப் பார்த்து ஒன்பது வருடம் உட்கார்ந்து தியானம் செய்ததில் அவர் கைகால்கள் சூம்பிப்போயின என்று அங்கே கதை. அதனால்தான் பொம்மைக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. காகிதக்கூழில் செய்து, அடியில் கனம் வைத்திருப்பார்கள். தள்ளினால் சாய்ந்து தானே நிமிரும், நம் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி. கண் இரண்டும் வெள்ளையாக விட்டிருப்பார்கள். ஒன்றை வேண்டிக்கொண்டு ஒரு கண்ணுக்கு மை வைக்க வேண்டும், நடந்தால் மற்றதற்கு. டோக்கியோவுக்கு வடக்கே தகாசாக்கி என்ற ஊரில் குடும்பம் குடும்பமாக இதே தொழில்.

2011 தீபாவளிக்கு எங்கள் ஊர்த் திரையரங்கில் ‘ஏழாம் அறிவு’ பார்த்துவிட்டு, போதி தருமர் நம்மவர் என்று பையன்களெல்லாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார்கள். அதே வருடம் ஜப்பானில் அவருடைய பொம்மை பள்ளிப் பிள்ளைகளின் தலையை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது. இதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. விழுந்தாலும் எழுகிறவர் என்று பெயர் வாங்கிய ஒருவரை, யாரையும் எழ விடாதவராக ஆக்கியிருக்கிறார்களே, அந்தக் குசும்பு எனக்குப் பிடித்திருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்தானே, அதனால் ஆட்டத்தில் சுவரைப் பார்த்து நிற்கிற வேலையும் அவருக்கே.

இனிதான் நான் சொல்ல வந்தது. இந்த வகுப்பறைக் காட்சியைப் புத்தகத்திலும் படத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், நானும் அவனும், மேஜை மேல் புத்தகம், அவன் போனில் படம். ‘ஆடாதே’ என்பதுதான் விதி. காகிதத்தில் யார் ஆட முடியும்? வரைந்த ஆள் எல்லாம் சிலைதானே. ஆடினவனும் ஆடாதவனும் தாளில் ஒரே மாதிரிதான் நிற்கிறார்கள். அப்படியானால் ஓவியர் எப்படி ஆட்டத்தைக் காட்டுவது? ஒரு விரலுக்குப் பக்கத்தில் மூன்று மெல்லிய கோடு. கன்னத்தில் வழியும் ஒரு சொட்டு வியர்வைக்குப் பின்னால் ஒரு கோடு. அந்தக் கோடு இல்லையென்றால் அவன் உயிரோடிருப்பான். ஒரு மயிரிழைக் கோட்டில் ஒரு பிள்ளையின் உயிரை வைப்பது, 31 வருடம் கோடு போடச் சொல்லிக் கொடுத்தவனுக்கு என்னவோ செய்தது.

பக்கத்தைப் புரட்டுகிற கையும் நம்முடையது. பொம்மை முதுகு காட்டி நிற்கும் கட்டத்தில் நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். புரட்டினால் அது திரும்பிவிடும். ஒரு முறை புரட்டாமல் எழுந்துபோய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதுவரை உயிரோடு காத்திருந்தார்கள். சினிமாவில் இந்தச் சலுகை கிடையாது. கடிவாளம் மீகேயின் கையில். பத்துத் தட்டை அவர் இழுத்தால் நாம் இழுபட வேண்டும், முடுக்கினால் ஓட வேண்டும்.

சினிமாவுக்கு வேறு ஒரு வசதி இருக்கிறது. அது எனக்குத் தொழில் முறையில் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மனித உருவம் வரையச் சொல்லிக் கொடுக்கும்போது ஒருவனை முன்னால் ஸ்டூலில் உட்கார வைப்பேன். ஐந்து நிமிடம் ஆடக் கூடாது. எவனாலும் முடியாது. முதலில் கழுத்து சாயும். அப்புறம் தொடை மேல் வைத்த கையில் சுண்டுவிரல். அதையும் கட்டுப்படுத்துகிறவனுக்கு எச்சில் ஊறும், விழுங்கும்போது தொண்டை முடிச்சு ஏறி இறங்கும். வகுப்பே கொல்லென்று சிரிக்கும். புத்தகம் வாங்கி வந்த என் மாணவனை உட்கார வைத்தபோது ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. உயிருள்ள ஆள் ஆடாமல் இருக்க முடியாது என்பதுதான் இந்த விளையாட்டின் முழு பயங்கரமும். அதைக் காட்ட மூச்சுவிடுகிற நடிகர்கள் வேண்டும். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இமை ஆடத்தான் செய்கிறது, பொம்மை பெரிய மனது பண்ணி விட்டுவிடுகிறது.

அப்புறம் அந்தச் சிவப்பு. புத்தகம் கறுப்பு வெள்ளை. ரத்தம் என்பது மை. எவ்வளவு கொட்டினாலும் கண் அதை மையென்றே பார்க்கும், மனசுதான் சிவப்பு பூச வேண்டும். படத்தில் மீகே என்ன செய்தார் தெரியுமா? தலை வெடித்த இடத்திலிருந்து சிவப்புக் கோலிக் குண்டுகள் கொட்டி வகுப்பறைத் தரையில் உருள விட்டார். வன்முறைக்குப் பேர்போன ஆள். இந்தப் படத்துக்கு இரண்டு வருடம் முன்னால், ஆசிரியரே பிள்ளைகளைச் சுட்டுத் தள்ளுகிற படம் ஒன்றை எடுத்து ரத்தத்தில் குளிப்பாட்டியவர்தான். இங்கே ரத்தம் வேண்டிய இடத்தில் கோலி. தணிக்கைக்குப் பயந்து செய்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாவது முறை பார்த்தபோது, இதுதான் படத்திலேயே நல்ல யோசனை என்று பட்டது. விளையாட்டுப் பொருளால் சாகிற பிள்ளையின் உடம்பும் விளையாட்டுப் பொருளாகத்தான் உடைகிறது. கோலி சிதறும் சத்தம் கேட்டால் நம் கால் தானாக ஒதுங்கும், மிதித்துவிடக் கூடாது என்று. இந்த ஒரு இடத்தில் படம் புத்தகத்தை ஜெயித்துவிட்டது. வேறு இடங்களில் அப்படிச் சொல்ல மாட்டேன்.

பூனையைப் பாருங்கள். கடைகளில் கல்லாப் பக்கத்தில் ஒரு கையைத் தூக்கிக் கூப்பிடுமே, அந்த அதிர்ஷ்டப் பூனை, உடற்பயிற்சிக் கூடத்தில் யானை அளவுக்கு நிற்கிறது. பிள்ளைகளுக்கு எலி வேஷம் மாட்டிவிட்டிருக்கிறார்கள். பூனையின் கழுத்துப் பட்டையில் கூடைப்பந்து வளையம். அதற்குள் மணியைப் போட வேண்டும். பூனைக்கு மணி கட்டுவது யார் என்று நாம் பழமொழி பேசுவோம், இவர்கள் அதையே ஆட்டமாக்கிவிட்டார்கள். ஜப்பானிலும் அதே பழமொழி புழக்கத்தில் இருக்கிறதாம். பூனைக்குக் குரல் கொடுத்தது பாடகி அட்சுகோ மயேதா. அந்தக் கொஞ்சலும் கும்மாளமும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பூனை பெரிதாக இருக்கிறதே தவிர கனமாக இல்லை. கணினியில் செய்ததற்கு எப்போதும் வருகிற வியாதி இது. காகிதத்தில் ஒரு பெரிய மிருகத்துக்குக் கனம் வர வேண்டுமென்றால் ஓவியர் அதைக் கட்டத்துக்குள் அடங்காதபடி போடுவார், காது மேல்கோட்டுக்கு வெளியே, பாதம் கீழ்க்கோட்டுக்கு வெளியே. நம் கண் மிச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும். திரைக்கு அந்தக் கோடு கிடையாது. பின்னால் போய் நின்று முழுப் பூனையையும் காட்டிவிடுகிறார்கள். பார்த்து முடித்ததும் பயம் போய்விடுகிறது.

கைகால் இல்லாத மரப்பொம்மை கொக்கேஷிக்கு அதைவிட நல்ல வேலை கிடைத்திருக்கிறது. அங்கே ‘ககோமே ககோமே’ என்று ஒரு பாட்டு உண்டு. கண்ணைப் பொத்தி நடுவில் ஒருவரை உட்கார வைத்துச் சுற்றி வருவார்கள். கூண்டுக்குள் இருக்கிற பறவை எப்போது வெளியே வரும், விடியலின் இரவில் கொக்கும் ஆமையும் வழுக்கி விழுந்தன, உன் பின்னால் நிற்பது யார் என்று பாடி நிறுத்துவார்கள். சரியாகப் பெயர் சொல்ல வேண்டும். கொக்கும் ஆமையும் அங்கே நீண்ட ஆயுளுக்கு அடையாளம். ஆயுள் வழுக்கி விழுகிறது என்று குழந்தைகள் பாடுகிற பாட்டுக்குக் கதாசிரியர் புதிதாகப் பயம் எதையும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் பொய் சொன்னால் பொறுக்காத ஒரு வெள்ளைக் கரடி. அதற்குக் குரல் பெரியவர் த்ஸுதோமு யமசாகி. பெரிய இயக்குநர் குரோசாவாவின் படங்களில் நடித்தவரைப் போர்வை போர்த்திக் கரடியாக்கிவிட்டார்களே என்று எனக்கு ஒரு சின்ன வருத்தம். அடுத்து ரஷ்யாவின் மத்ரியோஷ்கா, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பொம்மை. ஜப்பானிய பொம்மைகளுக்கு நடுவில் இது எங்கே வந்தது என்று என் மாணவன் கேட்டான். 1890-களில் ரஷ்யர்கள் முதல் மத்ரியோஷ்காவைச் செய்ததே ஒரு ஜப்பானிய பொம்மையைப் பார்த்துத்தான் என்று ஒரு கதை உண்டு, ஆகவே தாய்வீட்டுக்கு வந்திருக்கிறது என்று சொன்னேன். இந்தக் கடைசி இரண்டு ஆட்டத்திலும் படம் மூச்சுவாங்குகிறது. 117 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் தெரிகிறது.

அவசரத்தில் முதலில் அடிபடுவது ஷுன்தான். புத்தகத்தில் அவன் யோசிப்பது கட்டத்துக்குக் கட்டம் எழுத்தாக ஓடுகிறது. பயந்து, கணக்குப் போட்டு, தப்பாகப் போட்டு, மறுபடி போடுகிறான். படத்தில் சோதா ஃபுகுஷி அழகாக ஓடுகிறார், அழகாக அழுகிறார். ஆனால் அவர் யோசிப்பது நமக்குக் கேட்பதில்லை. அவனுக்கு வழி சொல்லிக் கொடுக்கிற நண்பன் சதாகே கொஞ்ச நேரமே வந்தாலும் நின்றுவிடுகிறான், வழி சொன்னவன் பிழைக்கவில்லை என்பதால் இன்னும் கூடுதலாக. படத்தைத் தூக்கிக்கொண்டு போவது அமாயா என்ற மாணவனாக வரும் ரியூனோசுகே காமிகி. சின்ன வயதிலேயே மியாசாகியின் கார்ட்டூன் படங்களுக்குக் குரல் கொடுத்த பிள்ளை. அந்தப் பால்முகத்தை வைத்துக்கொண்டு ரத்தம் கண்டால் சிரிக்கிறவனாக நடித்திருக்கிறார். புத்தகத்து அமாயா பார்த்த உடனே பயமுறுத்துவான். படத்து அமாயாவைப் பார்த்தால் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடத் தோன்றும். எது மோசம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் யார் பிழைக்கிறார்கள் என்று சொல்லப் போவதில்லை, உங்கள் கட்டுரையாளர் சொல்லிவிட்டார் என்றாலும். ஆனால் எப்படித் தீர்மானமாகிறது என்பதை அவர் விட்டுவிட்டார். ஐஸ் குச்சி. ஐஸைச் சாப்பிட்டு முடித்தால் குச்சியில் எழுதியிருக்கும், உயிர் அல்லது சாவு. இவ்வளவு மூளையும் ஓட்டமும் செலவழித்துத் தப்பித்து வந்தவர்களுக்குக் கடைசியில் குச்சி. அரங்கில் பலபேர் திட்டியிருப்பார்கள். நானும் முதல் தடவை திட்டினேன். ஆனால் தலைப்பு என்ன? கடவுள் சொல்கிறபடி. இங்கி பிங்கி பாங்கி. முதல் பக்கத்திலேயே சொல்லித்தானே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்? பக்திப்படப் பெயர் என்று கிண்டல் செய்யாமல் பெயரைக் கொஞ்சம் விசாரித்திருந்தால், கட்டுரையாளர் ‘கிளைமாக்ஸில் லாஜிக் இல்லை’ என்று எழுதியிருக்க மாட்டார்.

படம் இத்துடன் தொங்கலில் நிற்கிறது, தொடர்ச்சி வரவில்லை. புத்தகத்துக்கு இரண்டாம் பாகம் உண்டு, 2013 முதல் 2017 வரை, 21 தொகுதி. முதல் நாள் எல்லாப் பள்ளியிலும் ஆட்டம் நடந்ததே, அன்றைக்கு மட்டம் போட்டவர்களின் கதை அது என்று மாணவன் சொன்னான். 31 வருடம் வருகைப் பதிவேடு எடுத்தவனுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது. ஆனால் 21 தொகுதியை அவன் வாசித்து நான் கேட்க எனக்கு ஆயுள் போதாது, கொக்கும் ஆமையும் வழுக்கிவிடும்.

இப்போது மூன்றாவது விஷயம். இந்தக் கதையை எழுதியவர் முனேயுகி கனேஷிரோ. இன்று நம் பையன்கள் போனில் பார்க்கிற ப்ளூ லாக் என்ற கால்பந்துக் கதையும் இவருடையதுதான். கோல் அடிக்கிற முன்கள ஆட்டக்காரர்கள் 300 பேரை ஒரே கட்டடத்தில் அடைத்து, தோற்றவன் இனி நாட்டுக்கு ஆடவே முடியாது என்று விதி போடுகிறார். பொம்மையை எடுத்துவிட்டுப் பந்தை வைத்திருக்கிறார், அவ்வளவுதான். கனேஷிரோ எழுதுகிறவர், வரைகிறவர் அல்ல. ப்ளூ லாக்கை வரைபவர் யூசுகே நொமுரா. ‘கடவுள் சொல்கிறபடி’யை வரைந்தவர் அகேஜி ஃபுஜிமுரா. விரலுக்குப் பக்கத்தில் அந்த மூன்று கோட்டைப் போட்டது அவர் கை. உங்கள் கட்டுரையில் இயக்குநர் பெயர் இருக்கிறது, கதாநாயகன் பெயர் இருக்கிறது, கொரியத் தொடரை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது. இவர்கள் இருவர் பெயரும் இல்லை. படத்தை எடுத்தவர்களே மூலம் இவர்கள் இருவருடையது என்று பெயர் போட்டிருக்கும்போது நாம் விட்டுவிடுவது சரியில்லை.

அந்தத் தாருமா பொம்மை இப்போது என் புத்தக அலமாரியில் முத்து காமிக்ஸ் கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு கண்ணுக்கு நான்தான் மை வைத்தேன், இரண்டு சைபர் தூரிகையால், கை நடுங்காமல். என்ன வேண்டிக்கொண்டீர்கள் சார் என்று மாணவன் கேட்டான், சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்: வேண்டுதல் எதுவும் இல்லை, கண்ணை வரைய ஆசையாக இருந்தது.

வரும் ஞாயிறு திருத்தம் போடுவதாக இருந்தால் ஆண்டுகளை மட்டும் மாற்றிவிட்டு முடித்துவிடாதீர்கள். கதை: முனேயுகி கனேஷிரோ, படம்: அகேஜி ஃபுஜிமுரா என்று இரண்டு பெயரையும் சேர்த்துப் போடுங்கள். ‘படம்’ என்று போட்டால் சினிமா எடுத்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள். ‘ஓவியம்’ என்றே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
பெரிய காஞ்சிபுரம்.